கூறை கொண்டு வந்தவர் யார்?

பிள்ளையார்பாளையத்தில் சபாபதி முதலியாருக்கு இருந்தது மூன்று தறியும் ஓர் ஓட்டு வீடும்தான். அவரைவிட வசதியானவர்கள் அந்தத் தெருவிலேயே பத்துப் பேர் இருந்தார்கள். ஆனாலும் பங்குனி உத்திரத்தன்று காலையில் அந்தப் பத்துப் பேரும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் வீட்டாருக்கு வழி விட்டு நிற்பார்கள்.

தெருக்கோடிச் சிவன் கோயிலில் அன்று திருக்கல்யாணம். முகூர்த்தத்தில் அம்பாளுக்குச் சாத்துகிற கூறைப்புடவை சபாபதி வீட்டுத் தறியில் நெய்தது. நாலு தலைமுறையாக அப்படித்தான். புடவையைத் தாம்பாளத்தில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு அந்த வீட்டு ஆண்பிள்ளை கொடிமரத்தடியில் நிற்பான். மண்டபத்துப் படியில் கட்டியக்காரர் வெள்ளிப்பூண் போட்ட தடியோடு நின்று, "கூறை கொண்டு வந்தவர் யார்?" என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறைக்குள் சுமந்து நிற்பவன் தன் வாயால் "கொண்டு வந்தோம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் புடவை உள்ளே போகும், சொன்னவன் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள்.

வீட்டு மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகிற வருஷம் அவனே நின்றாக வேண்டும். அன்று அவன் பதில் சொல்லிவிட்டால் அவன் ஆயுசு வரைக்கும் அந்த மரியாதை அந்த வீட்டோடு இருக்கும். சொல்லவில்லை என்றால் பங்காளி வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. அவனுக்காக வேறு ஒருவர் குரல் கொடுக்கக் கூடாது. தொட்டுத் தூண்டவும் கூடாது. அம்பாளுக்குப் புடவை கொடுக்கிறவன் நினைவோடு கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு அது. நாலு தலைமுறையில் யாரும் இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தது கிடையாது. சபாபதி தன் பன்னிரண்டாம் வயதில் முதல் அழைப்பு முடியும் முன்பே சொன்னவர்.

அவருக்கு ஒரே பிள்ளை. கொள்ளுத்தாத்தா பேர், கலியாணசுந்தரம். இரண்டரை வயதில் ஒரு காய்ச்சல் வந்து பதினெட்டு நாள் கிடந்தான். உயிர் தங்கியது. தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தை அவன். தறி நின்றால் உடனே விழித்துக்கொண்டு அழுவான். காய்ச்சல் விட்ட பிறகு தறி நின்றும் அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். காது போய்விட்டது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

பெற்ற பிள்ளையோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? அவன் தாய் கிருஷ்ணம்மாள் கையை எடுத்தாள். நெற்றியில் மூன்று விரலால் இழுத்தால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. பொடி எடுப்பதுபோல் இரண்டு விரலை மூக்கருகே கொண்டுபோனால் பங்காளி காசிநாதன். இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி முன்னால் நீட்டினால், கொண்டு வா என்று அர்த்தம். பையன் ஓடிப்போய்ச் செம்பையோ விசிறியையோ எடுத்து வந்து, கொடுத்துவிட்டு, தானும் இரண்டு கையையும் அதேபோல் ஏந்திக் காட்டுவான். கொண்டு வந்துவிட்டேன் என்று பொருள். நாலு வயதில், காசிநாதன் பொடி போட்டுத் தும்மி, அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொள்வதை அவன் செய்துகாட்டினால் வீட்டில் சிரிக்காதவர்கள் இல்லை. சபாபதியின் தகப்பனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்.

சபாபதியும் சிரித்தவர்தான். ஒரு நாள் தெருவில் தறிக்குப் பாவு நூல் விரித்துக்கொண்டிருந்தபோது நாலைந்து பிள்ளைகள் தள்ளி நின்று கையை ஆட்டி ஆட்டி விளையாடுவதைப் பார்த்தார். என்ன விளையாட்டு என்று கேட்டதற்கு, ஊமை வீட்டு விளையாட்டு என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்கள். கூறைக்காரர் வீடு என்று நாலு தலைமுறையாகப் பேர் வாங்கிய வீடு அது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று பின்னால் சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்கள் யாரும் தாம்பாளத்தைத் தலையில் சுமந்து நாலு தலைமுறைப் பேரோடு நின்றவர்கள் இல்லை.

கூரம் பக்கத்து நயினார் வீட்டுப் பெண் ஒருத்தி, ரத்னமாலா என்று பேர், மதராசில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் படித்துவிட்டு வந்து காஞ்சிபுரத்திலேயே குடியிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். சபாபதி போய்க் கூப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டிய ஜைன வீட்டுக்காரி என்பதால் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் மூன்று மணிக்கு வருவாள். ஒரு கண்ணாடி, ஒரு மயிலிறகு, ஒரு நோட்டு, இவ்வளவுதான் அவள் கொண்டு வருவது. பையனின் ஒரு கையைத் தன் தொண்டையிலும் இன்னொரு கையை அவன் தொண்டையிலும் வைத்துக்கொண்டு "ம" சொல்ல வைப்பாள். இறகு அசைந்தால் "ப".

முதல் நாளே அவள் ஒன்று சொன்னாள். மதராசில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. கை பேசினால் வாய் திறக்காது. அதனால் வீட்டில் ஒருவரும் ஜாடை காட்டக் கூடாது. பையன் ஜாடை காட்டினால் யாரும் பார்க்கக் கூடாது. அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, எதிரே இருப்பவர் வாயை மட்டும் பார்த்துப் பழக வேண்டும். யாருடைய கையாவது உயர்ந்தால் கண்ணை அங்கிருந்து எடுத்து உடனே வாய்க்குக் கொண்டுபோக வேண்டும்.

சபாபதி எதையும் பாதி செய்கிற மனிதர் அல்ல. அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் கிருஷ்ணம்மாளைக் கூப்பிட்டு, பிள்ளையோடு இனிக் கையால் பேசுவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். அவள் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டு, அந்தக் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு பிள்ளைக்கு எதிரில் அவள் கை எப்போதும் முந்தானைக்குள்தான்.

முதல் இரண்டு மாதம் வீடு வீடாக இல்லை. பையன் கையைக் காட்டிக் காட்டிக் கேட்பான், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மோர் வேண்டுமென்றால் வாயால் கேட்கட்டும் என்று சபாபதி சொல்லிவிட்டார். நாற்பது நாள் அவன் மோர் இல்லாமல் சாப்பிட்டான். நாற்பத்தோராம் நாள், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க "மோ" என்றான். சபாபதி எச்சில் கையோடு தெருவுக்கு ஓடி வந்து எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் தெருவில் ஓடியதை ஜனங்கள் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

தறியில் உட்கார்ந்தால் மட்டும் அந்தப் பிள்ளையின் கைக்கு விடுதலை. புடவையின் உடலை அப்பா நெய்ய, கரை நூல் ஓடுகிற நாடாவை வலது பக்கத்திலிருந்து அவன் போடுவான். அப்பாவின் தோள் அசைவதைப் பார்த்தே இழை தவறாமல் கோர்த்துவிடுவான்.

அவனுக்கு ஒன்பது வயதாகும்போது தாத்தா போய்விட்டார். தினம் மத்தியானம் அவருக்குத் தண்ணீர்ச் செம்பு வைப்பது அவன் வேலை. பாடையில் தூக்கிக்கொண்டு போனதை அவனும் பார்த்தான். மறுநாளும் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து அவர் உட்காருகிற இடத்தில் வைத்தான். சாயங்காலம் தண்ணீர் அப்படியே இருப்பதைப் பார்த்து, கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் வைத்தான். தாத்தா இல்லை என்று சபாபதி வாயால் பத்துத் தடவை சொன்னார். "இல்லை" என்ற வார்த்தை அவனுக்குத் தெரியும், மோர் தீர்ந்துபோனால் சொல்கிற வார்த்தை. தீர்ந்தால் மறுநாள் வரும். நாலு மாதம் வைத்தான். பிறகு ஒரு நாள் அவனாகவே நிறுத்திவிட்டான். என்ன நினைத்து நிறுத்தினான் என்பது யாருக்கும் தெரியாது.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் ரத்னமாலா ஒரு மாதம் வரவில்லை. மதராசில் ஒரு பள்ளிக்கூடத்து விடுதியில் வேலை பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்த அன்று கண்ணாடியையும் இறகையும் எடுக்கவில்லை. வாசற்படியை விட்டு உள்ளேயும் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கையைத் தொடைக்கு அடியில்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தால், வாத்தியார் முதுகைத் திருப்பினால் போதும், அறுபது ஜோடிக் கையும் பேசுகிறது. சண்டை போடுகிறார்கள், கதை சொல்கிறார்கள், ஊரில் நடந்ததை ஒருவருக்கொருவர் விசாரிக்கிறார்கள். அப்படிக் கையால் நன்றாகப் பேசுகிற பெண் ஒருத்தி வாயாலும் மற்றவர்களைவிட நன்றாகப் பேசுகிறாள். பேச வேண்டிய விஷயம் அவளுக்குள் நிறைய இருக்கிறது.

"வாய்ப் பேச்சும் வேணும், கைப் பேச்சும் வேணும். ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்கறதில்லை. நான் உங்களுக்குச் சொன்னது தப்பு, முதலியாரே."

"நாப்பத்து மூணு வார்த்தை வந்துருக்குதும்மா அவனுக்கு. நீங்கதான் நோட்டுல எழுதி வச்சிருக்கீங்க" என்றார் சபாபதி.

"வார்த்தை நாப்பத்து மூணு தெரியும். கேள்வி ஒண்ணு கூடக் கேட்கத் தெரியாது. தாத்தா எங்கன்னு கேட்க அவன்கிட்ட இன்னா இருந்தது? ஒரு செம்புத் தண்ணிதான் இருந்தது."

சபாபதி தறிக்குழிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ஆறு வருஷமா பெத்தவ கையைக் கட்டி வச்சிருக்கேன். நீங்க சொல்லித்தான் கட்டினேன். இப்போ தப்புன்னா, நான் எந்த மூஞ்சோட போயி அவுக்கறது?"

"நான் எந்த மூஞ்சோட உங்க வாசல்ல நிக்கிறேனோ, அதே மூஞ்சோடதான்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மானமுள்ள பெண் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வருஷ உத்திரத்துக்கு அவன் நிற்க வேண்டும், அதுவரைக்கும் வேறு பேச்சு வேண்டாம் என்றுதான் அவர் வாயில் வந்தது. அதற்காகவும்தான் வந்தேன் என்றாள் அவள். கட்டியக்காரர் கேட்கிற நேரத்தில் எதிரே நின்று தாய் ஒரு கையை அசைத்தால் போதும், பிள்ளை அழகாகச் சொல்லிவிடுவான் என்றாள்.

சபாபதி எழுந்துவிட்டார். "ஊரு முன்னால ஊமை ஜாடை காட்டிப் பரிவட்டம் கட்டிக்கறதுக்குக் கட்டிக்காமலே இருக்கலாம். எம்புள்ளை பேசறான்னு காட்டத்தான் நான் அவனை நிக்க வைக்கிறேன்."

அதன் பிறகு அவள் வரவில்லை. ஆனி மாதத்தில் சேலம் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகக் கேள்வி. ரத்னமாலா கடைசியாக வந்துபோன அன்று சோறு போடும்போது, டீச்சரம்மா என்ன சொன்னார்கள் என்று கிருஷ்ணம்மாள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். கதவுக்குப் பின்னால் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். மோரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

சபாபதி தன் வழியில் வேலையைத் தொடங்கினார். கட்டியம் சொல்கிறவருக்குச் சின்னப்பையன் என்று பேர், வயது எழுபது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையை அவர் வீட்டுக்கு அழைத்துப்போய் எதிரே உட்கார வைத்து, அந்தக் கேள்வியைச் சொல்லச் சொல்லி அவர் வாயைப் பார்க்க வைத்தார். உதடு இரண்டு தரம் குவியும். பல் கீழுதட்டைத் தொடும். கடைசியில் வாய் திறந்து அப்படியே நிற்கும். அப்போது சொல்ல வேண்டும். வெற்றிலை அடக்கிய வாயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் உத்திரம் வரைக்கும் வெற்றிலை போடுவதில்லை என்று சின்னப்பையன் நிறுத்திவிட்டார்.

"அம்பது வருஷமா எம்பொண்டாட்டி சொல்லி நிறுத்தாத வெத்திலைய உம்புள்ளைக்காக நிறுத்திக்கினேன், சபாபதி. அவகிட்ட மட்டும் சொல்லிடாதேப்பா, உன் வீட்டுக்குச் சண்டைக்கு வந்துடுவா" என்றார்.

மார்கழிக்குள் பிள்ளை தேறிவிட்டான். இருபது முறை கேட்டால் இருபது முறையும் சரியான இடத்தில் "கொண்டு வந்தோம்" என்று சொன்னான். குரல் கரகரவென்று, தேங்காய் துருவுகிறாற்போல இருக்கும். ஆனால் வார்த்தை வார்த்தையாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் பரிவட்டம் கட்டத் தலையைக் குனிய வேண்டும் என்பதையும் சபாபதி பழக்கினார். தாழ்வாரத்தில் ஒரு பழைய துண்டை வைத்துத் தினமும் கட்டிக் காட்டினார். பிள்ளைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மாசியில் கோயில் கமிட்டி கூடியது. காசிநாதன் அந்த வருஷ உபயமாக ஒலிபெருக்கி செட்டு ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னான். சின்னப்பையனுக்கு வயதாகிவிட்டது, கட்டியம் கொடிமரம் வரைக்கும் கூடக் கேட்பதில்லை என்றான். கூறை விஷயத்தையும் அவனே எடுத்தான். அண்ணன் பிள்ளை நிலைமை எல்லாருக்கும் தெரியும், ஏதாவது மாற்றிச் செய்வதென்றால் இப்போதே பேசிவிடலாம் என்றான். பிறகு பழக்கதோஷத்தில், "ண்ணா, நீ சொல்லிக் குடுக்கற வேகத்துக்கு உன் தறிகூடப் பேசிடும் போல இருக்குது" என்று சேர்த்துக்கொண்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"என் தறி பேசறதைத்தான் காசிநாதா நாலு தலைமுறையா அம்பாள் கட்டிக்கினு நிக்கிறா" என்றார் சபாபதி. "எம்புள்ளைக்காக ஒரு வார்த்தை கூட்டவும் வேணாம், ஒரு வார்த்தை குறைக்கவும் வேணாம். வழக்கம் எதுவோ அதும்படி நடக்கட்டும்."

ஒலிபெருக்கிக்குச் சம்மதம் என்று முதல் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம். தன் பிள்ளை பதில் சொல்வது பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்கட்டும் என்று நினைத்தார்.

உத்திரத்தன்று விடியும்போதே கோபுரத்தில் கட்டிய இரண்டு குழாயும் நாதஸ்வரம் வாசித்தன. கூறை அந்த வருஷம் அரக்கு நிறம், கரையில் கோபுரம். வலது கரை முழுவதும் பிள்ளை போட்ட நாடா. தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கலியாணசுந்தரம் கொடிமரத்தடியில் நின்றான். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நேரே மண்டபத்துப் படியைப் பார்த்தான். படிக்கு வலப்பக்கம் பெண்கள் கூட்டம், முன்வரிசையில் கிருஷ்ணம்மாள். சபாபதி வழக்கப்படி மண்டபத்தின் மேல், கமிட்டிக்காரர்களோடு கட்டியக்காரருக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்து பிள்ளையின் முகமும் மனைவியின் முகமும் நன்றாகத் தெரிந்தன.

மேளம் நின்றது. சின்னப்பையன் தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு படிக்கு வந்தார். செட்டுக்காரன் மைக்கைக் கொண்டுவந்து அவர் வலது கையில் கொடுத்தான். அவர் அதை மார்புக்கு நேரே பிடித்தார். "வாயோட ஒட்டி வச்சிக்கினு பேசுங்க பெரியவரே" என்று சொல்லி, அவன் அவர் கையைப் பிடித்து உயர்த்திவிட்டுப் போனான்.

அப்போதுதான் சபாபதிக்குப் புரிந்தது.

மாதுளங்காய் அளவுக்கு இருந்த அந்தக் கறுப்புக் குமிழ் சின்னப்பையனின் மூக்கிலிருந்து மோவாய் வரைக்கும் மறைத்துவிட்டது. பின்னால் நின்ற சபாபதிக்குக் கேள்வி குழாயிலிருந்து இடிபோல வந்தது. கூறை கொண்டு வந்தவர் யார்? கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. தெருமுனைவரைக்கும் கேட்டிருக்கும். கேட்காதவன் ஒருவன்தான். அவன் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றான். குமிழ் அசையவில்லை.

ஒரு எட்டு வைத்தால் போதும். மைக்கைத் தள்ளிப் பிடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று ஊருக்கு எதிரில் சொன்னவர் அவர். பக்கத்தில் நின்றவர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கால் எழவில்லை.

இரண்டாவது அழைப்பும் போயிற்று. நாலு தலைமுறையில் போகாதது. பிள்ளையின் கண் குமிழை விட்டு அப்பாவிடம் வந்தது, அவர் வாயைத் தேடியது. அவர் வாய் பூட்டிக் கிடந்தது. கண் அங்கிருந்து நகர்ந்து பெண்கள் பக்கம் போய்த் தாயிடம் நின்றது.

கிருஷ்ணம்மாள் பிள்ளையைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் மேல் நின்ற புருஷனைப் பார்த்தாள். கை முந்தானைக்குள் இருந்தது. அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை, அவள் உத்தரவு கேட்டாள். ஏழு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது சபாபதிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சரி என்று தலையை அசைத்தார்.

மூன்றாவது அழைப்பு தொடங்கியிருந்தது. அவள் முந்தானையை உதறிவிட்டு இரண்டு கையையும் வெளியே எடுத்து, உள்ளங்கையை ஏந்தி முன்னால் நீட்டினாள். கொண்டு வா.

பிள்ளை பார்த்தான். அவன் முகம் ஒரு நொடி மலர்ந்ததைச் சபாபதி கண்ணால் பார்த்தார். நாலு வயதில் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த முகம். அந்த ஒரு நொடிதான். கை உயர்ந்தால் கண்ணை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு நினைவு வந்துவிட்டது. சொல்லிக் கொடுத்தபடியே கண்ணைத் தாயின் கையிலிருந்து எடுத்து அவள் வாய்க்குக் கொண்டுபோனான். நல்ல பிள்ளையாக, அந்த வாய் ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தான். கிருஷ்ணம்மாளின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிற உதட்டில் படிக்க ஒன்றும் இல்லை.

"கொண்டு வந்தோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. காசிநாதனின் மகன் குப்புசாமி. அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. மூன்று அழைப்பும் முடிந்துவிட்டது, முகூர்த்த நேரம் போகிறது, அம்பாளை நிறுத்தி வைக்க முடியாது. கெட்டிமேளம் கொட்டியது.

தவுல் அதிர்வு காலில் ஏறியிருக்க வேண்டும். பிள்ளை சட்டென்று மண்டபத்தைப் பார்த்தான். சின்னப்பையன் மைக்கை இறக்கிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார். வாய் திறந்து அப்படியே நிற்கும்போது சொல்ல வேண்டும். அவன் சொன்னான். மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. சபாபதிக்கும் கேட்கவில்லை. அவர் பிள்ளையின் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஓர் எழுத்துத் தவறாமல், தாழ்வாரத்தில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான்.

யாரோ வந்து தாம்பாளத்தை அவன் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பரிவட்டம் கட்டுவதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். படியின் மேல் குப்புசாமிக்குப் பரிவட்டம் கட்டி முடித்து, தீபாராதனை ஆகிறவரைக்கும் அப்படியே குனிந்து நின்றான். கிருஷ்ணம்மாள் வந்து தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு போனாள்.

கல்யாணச் சாப்பாட்டுக்கு அவர்கள் இருக்கவில்லை. மத்தியானம் காசிநாதன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான். "எம்மேல வருத்தம் வச்சிக்காதேண்ணா. மூணு தபா ஆயிடுச்சு, யாராவது சொல்லித்தானே ஆவணும். அந்தப் பாழாப்போன மைக்கு இப்படிப் பண்ணும்னு எனக்குத் தெரியாதுண்ணா" என்றான். சபாபதி, அது வழக்கம்தான், நீ செய்தது சரிதான் என்றார். அடுத்த வருஷத்துக்குக் கூறைக்குப் பட்டு எங்கே எடுக்க வேண்டும், எந்த நாளில் தறியில் ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்லி அனுப்பினார். முதுகு வளையாமல் நின்று சொன்னார். காசிநாதன் போன பிறகுதான் உட்கார்ந்தார்.

பிள்ளை தாழ்வாரத்துக்கு வந்தான். பழக்கத்துக்கு வைத்திருந்த பழைய துண்டைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து அப்பா எதிரில் உட்கார்ந்தான். அவர் முகத்தைப் பார்த்து, "கொண்டு வந்தோம்" என்றான். சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னான். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் அது கேள்வி என்று சபாபதிக்குப் புரிந்தது. சரியாகத்தானே சொன்னேன், ஏன் கட்டவில்லை என்று கேட்கிறான். கேட்பதற்கு அவனிடம் இருக்கிற வார்த்தை அதுதான்.

உன்மேல் தப்பு இல்லை என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். நோட்டில் இருந்த நாற்பத்து மூன்று வார்த்தையையும் சபாபதி மனத்துக்குள் புரட்டினார். மோர் இருந்தது, செம்பு இருந்தது, இல்லை இருந்தது. தப்பு என்பதற்கு வார்த்தை இல்லை. உன் என்பதற்கும் இல்லை.

"நீயாவது சொல்லேன்" என்றார் சமையல்கட்டைப் பார்த்து. கிருஷ்ணம்மாள் வாசற்படியில் நின்றாள். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"நான் சொல்லிடுவேங்க. அவன் பார்க்க மாட்டான். பார்க்கக் கூடாதுன்னு நாமதான் பழக்கி வச்சிருக்கோம்."

சபாபதிக்கு ஒரே ஒரு ஜாடை நினைவில் இருந்தது. வலது கையைத் தூக்கி, மூன்று விரலால் நெற்றியில் இழுத்தார். அப்பா. தப்பு அப்பாவுடையது என்று சொல்ல வந்தவருக்கு அடுத்த ஜாடை தெரியவில்லை. மறுபடியும் இழுத்தார். விபூதி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கை எழுந்ததுமே பிள்ளை துண்டைக் கீழே வைத்துவிட்டான். தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் வாயைப் பார்க்கத் தொடங்கினான்.